பஞ்செடுக்க ஒரு மருந்து

பருத்திக்குக் களைக்கொல்லி அடித்த அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் பெருமையடித்தார். "களையெடுக்கிற பொம்பளைங்க கூலியில பாதிதான் செலவு! அதுலயும் அவங்களக் கூட்டிட்டு வர்றவ வாய் இருக்கே, யப்பா! இனி அவ தயவே வேணாம்."

களை செத்தது. காடெல்லாம் வெள்ளையாகப் பருத்தி வெடித்தது. கூடவே வானமும் கறுத்தது. நனைந்த பஞ்சை எவன் வாங்குவான்?

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார்.

"களையெடுக்க வேணாம், பஞ்செடுக்க மட்டும் நாங்க வேணுமாக்கும்? அக்கா சொன்னா வர்றோம் மாமா" என்று எல்லாப் பெண்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அக்காவின் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"பஞ்செடுக்க ஆளு வேணும்..."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏன், அதுக்கு மருந்து வரலையா? கடையில கேட்டுப் பாக்கறதுதானே?"

"தப்புதான் தாயே!"

"சரி சரி, விடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன். மொதல்ல கைகாலக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க. ஆனா ருசி இல்லைன்னு மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. நீங்க மிச்சம் புடிச்சீங்களே என் கூலி, அதுலதான் நம்ம வீட்டுக்கு எண்ணெய் வாங்கிட்டிருந்தேன்" என்றாள் அவர் மனைவி.