வாயுள்ள மாப்பிள்ளை

கையில் செருப்போடு நல்லையா மேடைக்குப் பின்னால் நுழைந்தார். அதைப் பார்த்ததும் இளவரசன் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பகல் ஆட்டம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கிரீடம் இன்னும் தலையில்தான் இருந்தது.

"அடிக்க வரல தம்பி. கூட்டத்துல வார் அந்துபோச்சு." நல்லையா செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். இளவரசனும் எழுந்து கும்பிட்டான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்றாவது ஞாயிறு. மலாக்காவின் காஜா பேராங்கில் தெருத் தோரணங்களைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. நாடகம் பார்க்க நல்லையா செமாபோக்கிலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார். ஆற்றோரக் கிட்டங்கியில் இருபத்தைந்து வருடமாக மூட்டை தூக்குகிறவர். தூக்கித் தூக்கி வாய்ப்பேச்சு வற்றிப்போன ஆள். கொட்டகையில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டு, கடைசிக் காட்சியின் கைதட்டலுக்குத்தான் விழித்தார்.

விழித்தபோது அவர் மகள் ஜெயா அழுதுகொண்டிருந்தாள். மேடையில் இளவரசன் இளவரசியைக் கட்டிக்கொண்டு, "தேவி, உன் பெயரைச் சொல்லியே என் நாக்குத் தேய்ந்துபோனதடி!" என்று உருகிக்கொண்டிருந்தான்.

"இவருன்னா எனக்குச் சரிப்பா" என்றாள் ஜெயா. "இல்லன்னா இனிமே யாரையும் பொண்ணு பாக்கக் கூப்பிடாதீங்க."

அவள் ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள். மூன்று பேரும் பலகாரத்தைப் பார்த்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லையாம். "அம்மா மாதிரி நானும் செவுத்தோட பேசிக்கிட்டே சாகணுமா?" என்று மூன்றாவது ஆள் போன அன்றைக்கே கேட்டுவிட்டாள். அதனால்தான் மனைவி ருக்மணி நல்லையாவின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டாள். அம்மாவும் மகளும் கொட்டகை வாசலில் காத்து நின்றார்கள்.

உள்ளே இளவரசி, அதாவது மீசை மழித்த லாரிக்காரர், சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நல்லையா அவரைத்தான் முதலில் விசாரித்தார்.

"தம்பி எப்படிங்க, நல்ல மாதிரியா?"

"தம்பிராஜா தங்கம்ணே. இங்கயே பொறந்து வளந்தவரு. ரெண்டு மாசமா என்னைக் காதலிக்கிறாரு, மேடையவிட்டு எறங்குனா ஒரு வார்த்த பேசமாட்டாரு. சிரிப்பாரு, அவ்ளோதான்."

"அடக்கம்" என்றார் நல்லையா திருப்தியாக. "பொண்ண எம்மவளுக்குக் கேக்க... இல்ல, எம்மவள இவருக்குக் குடுக்கத்தான் வந்தேன்."

இளவரசிக்குப் புகை புரையேறியது. "நாடக வாத்தியார் வந்துரட்டுமேண்ணே. கோப்பி வாங்கப் போயிருக்காரு."

நல்லையாவால் காத்திருக்க முடியவில்லை. நேரமானால் வந்த பேச்சும் போய்விடும். இளவரசனிடம் திரும்பி, "தம்பி, எனக்கு ஒரே பொண்ணு. ஒங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

இளவரசன் திருதிருவென்று விழித்தான். பிறகு அட்டைக் கத்தியில் கைவைத்து முழங்கினான்: "மன்னா! உமது மகளுக்காக ஏழு கடலையும் நீந்துவேன்!"

நல்லையாவுக்குக் கண் கலங்கியது. "கடலெல்லாம் வேணாம் தம்பி, செமாபோக்குக்கு பஸ் இருக்கு. என்ன வேல பாக்குறீங்க?"

"என் வெண்குதிரை கோட்டை வாசலில் காத்து நிற்கிறது!"

"ஓ, வண்டி ஓட்டுறீங்களா. சொந்த வண்டியா?"

"எனக்கென்று இவ்வுலகில் ஏதுமில்லை!"

"வாடகைதானா, பரவால்ல. அப்பா அம்மா இருக்காங்களா?"

"என் தந்தையை நேற்றுத்தான் உமது படைத்தலைவன் வெட்டிச் சாய்த்தான்!"

நல்லையா அப்படியே சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார். "நேத்தா? மன்னிச்சுக்குங்க தம்பி. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்பறம் பேசுவோம்."

அந்த நேரத்தில் பால் டின்னில் கோப்பியோடு நாடக வாத்தியார் கணேசமூர்த்தி ஓடிவந்தார். "யாருடா அவன வசனம் பேச விட்டது?" என்று அவர் போட்ட சத்தத்தில் ருக்மணியும் ஜெயாவும்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

நல்லையா விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, இளவரசனின் இடுப்பிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை உருவி விரித்தார். அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. எல்லாம் இங்கிலீஸ் எழுத்து.

"இவன் இந்த ஊர்ச் செட்டிப் பையண்ணே. பல தலைமுறைக்கு முன்னாடியே வந்து தங்கிட்டவங்க, பரம்பரையா அவங்க வீட்டுல மலாய்தான். இந்தக் குரலும் ஒசரமும் மலாக்கா பூரா தேடியும் கெடைக்கல. அதான் தமிழ் வசனத்த இப்படி இங்கிலீஸ் எழுத்துல எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வச்சேன். பயந்துட்டான்னா வரிசையா ஒப்பிச்சிருவான். மத்தபடி அவனுக்குத் தமிழ் தெரியாது."

பிறகு வாத்தியார், நடந்ததை இளவரசனுக்கு மலாயில் சொன்னார். அவன் ஜெயாவைப் பார்த்தான். சாய்ந்திருந்த கிரீடத்தை நேராக வைத்துக்கொண்டான். ஜெயா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நல்லையா மட்டும் அறுந்த செருப்பைக் கையில் எடுத்தார். "வாங்க போவோம். தமிழ் தெரியாத ஆளுக்கா பொண்ணக் குடுக்குறது?"

ருக்மணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"தமிழ் தெரிஞ்ச ஆள நான் கட்டிப் பாத்தாச்சு."