ஒரு வரி விட்டு ஒரு வரி

“பிரிவைப் பத்தின பாட்டு. ஒரு வரி தமிழ், அடுத்த வரி இங்கிலீஷ். ஓசை ஓரிடத்துலகூடத் தட்டல. ரெண்டு மொழியும் இப்படி ஒருத்தருக்குக் கைவந்து நான் பார்த்ததில்லம்மா.”

பரிசு வாங்க வந்த அம்மாளைப் பத்திரிகை ஆசிரியர் வாய்விட்டுப் பாராட்டினார். அம்மாளின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“இங்கிலீஷ் எனக்குச் சுத்தமா வராதுங்க. அந்த வரியெல்லாம் இவளுது. என் மருமக. இவளுக்குத் தமிழ் வராது.”

ஆசிரியருக்குத் தலை சுற்றியது. “அப்போ பொருள் எப்படிப் பொருந்துச்சு?”

“சமையல்கட்டுல நான் ஒரு வரி பாடுவேன். இவ என் முகத்தப் பார்த்துட்டு, அதே ஓசையில அடுத்த வரியப் பாடுவா. அப்புறம் நான் இவ முகத்தப் பார்ப்பேன்.”

“வீட்டுல யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டாங்களா?”

அம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வேலைய என் மகன்தான் பார்த்துட்டிருந்தான். அவன் தவறின பிறகுதாங்க நாங்க பாட ஆரம்பிச்சோம்.”