தண்ணீருக்கு ஒருவர்

வாந்திபேதி அடங்கும்வரை வீட்டுக்கு ஓர் ஆண் மட்டுமே கிணற்றுக்குப் போகலாம் என்று சுகாதார வாரியம் சிகாமட் ரப்பர் தோட்டத்தில் தற்காலிகச் சட்டம் போட்டது. மீறினால் ஜெயில். அங்கம்மாவின் வீட்டில் இருந்த ஒரே ஆண் அவள் கணவன் காளியப்பன். அவனைச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்த மறுநாள், கைக்குழந்தைக்குக் கொடுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பயந்து பயந்து கதவைத் திறந்தாள். வாசலில் அவர்கள் வீட்டுக் குடம் நிறைந்திருந்தது. குடத்தின் கழுத்தில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு விரல் தடம்.

அதன்பின் தினமும் குடம் நிறைந்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் வந்தார்.

"சட்டம் முடிஞ்சுது, பிள்ளை. நாளையிலயிருந்து நீயே தண்ணி அள்ளலாம்."

"சரிங்க கிராணி. அவருக்கு யாருங்க சொல்றது?"

"எவருக்கு?"

ஆளில்லாத கிணற்றடியில் ராட்டினம் கிரீச்சிட்டது.