அவரவர் பக்கம்

மூன்றாவது கவளத்தை அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

சஹன் தட்டைச் சுற்றி மூன்று பேர். அவள், தங்கை முஃபீதா, பல்கீஸ் மாமி. நடுவில் ஆவி பறக்கும் நெய்ச்சோறு. அதன் மேல் கறி.

தம்பியின் நிக்காஹ் முடிந்திருந்தது. கூடம் முழுக்கப் பெண்கள். பாய்க்குப் பாய் சஹன்.

மூன்று பேருக்கு ஒரே தட்டு. கோடு எதுவும் கிடையாது. ஆனாலும் அவரவர் பக்கம் அவரவருக்குத் தெரியும்.

மாமியின் பக்கம் தட்டின் அடியில் இருந்த பூ தெரிய ஆரம்பித்துவிட்டது. அவள் பக்கம் விரலால் கிளறிய தடம் மட்டும்தான்.

சஹனில் ஒரு வசதி உண்டு. யார் எவ்வளவு உண்டார் என்று யாருக்கும் தெரியாது. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கையின் பக்கம் தள்ளலாம். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கலாம். பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் தள்ளினாள்.

சோறு குறையவில்லை.

இருவருக்கும் நடுவில் கூடிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். முஃபீதாவின் விரல்களும் தள்ளிக்கொண்டிருந்தன.

இந்தப் பக்கமாக.

மாமிக்கு வாய் ஓயவில்லை. எட்டு மாதத்தில் இவள் நாற்பது கிலோ குறைந்துவிட்டாள் என்று பக்கத்துச் சஹனுக்குச் சொன்னாள். மருந்தில்லை, மாத்திரையில்லை, ராத்திரிச் சோற்றை விட்டாள், விடியக்காலை நடந்தாள், அவ்வளவுதான். உம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்த கதை.

உம்மாவுக்கு அவள் சொன்ன கதை.

"ஒரு வயித்துல பொறந்ததுதானே நீயும்?" மாமி முஃபீதாவிடம் திரும்பினாள். "உன் லாத்தாவப் பாத்துப் படி."

முஃபீதா சிரித்தாள். உதட்டில் வெடிப்பு. காலையில் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீட்டில் தூக்கம் கெட்டுவிட்டது என்றார்கள்.

முஃபீதாவும் அப்படித்தான் சொன்னாள்.

எட்டு மாதம் முன்பு சென்னையில், லாத்தாவின் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஊருக்குப் பித்தப்பைக் கல் என்று சொன்னாள். உண்மை கணவனுக்கு மட்டும் தெரியும். பசியைச் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

போய்விட்டது. மயக்கம் தெளிந்தபோதே பசி இல்லை.

பெருநாளுக்கு ஊர் வந்தாள். உம்மா கட்டிக்கொண்டு அழுதாள். என் மகளுக்குத்தான் என்ன வைராக்கியம் என்றாள்.

முப்பத்தொரு வயதில், அவள் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் கேட்ட முதல் நல்ல சொல்.

மறுக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் முஃபீதா ஃபோனில் கேட்டாள், பசியை எப்படித் தாங்கினீர்கள் என்று. நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொள், அப்புறம் பசியே வராது என்று சொன்னாள். ஏன் நாற்பது என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்த எண்.

மாமி இன்னும் கொஞ்சம் கறி கேட்டுத் திரும்பிய நேரத்தில் முஃபீதா அவள் காதருகே குனிந்தாள்.

"லாத்தா, இன்னைக்கு நாப்பத்து மூணாவது நாள்."

அவள் மெல்வதை நிறுத்தினாள்.

"இன்னும் பசிக்குது. எனக்கு மட்டும் ஏன் லாத்தா?"

குறை சொல்லும் குரல் இல்லை. மன்னிப்புக் கேட்கிற குரல்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். அடுத்த பாயில் உம்மா சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் அவளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்த சொல் இறங்கிப்போனது.

சோற்றைப் பிசைந்தாள். கறியைப் பிய்த்து உள்ளே வைத்து உருட்டினாள். முஃபீதாவின் வாயருகே கொண்டுபோனாள்.

முஃபீதா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க மொதல்ல."

நெய்ச்சோறு என்றால் நான்கு கவளம்தான் அவள் அளவு. ஐந்தாவது தங்காது. எத்தனையோ வீடுகளில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தியெடுத்திருக்கிறாள்.

நான்காவதை உண்டாள்.

முஃபீதா வாயைத் திறந்தாள். அவள் ஊட்டினாள். தங்கை மெல்லக்கூட இல்லை, விழுங்கினாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்ததை நீட்டினாள். முஃபீதா அசையவில்லை. லாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து.

தங்கைக்கு ஒன்று.

ஆறு.

நெஞ்சுக்குழியில் கல் இறங்கி உட்கார்ந்தது. நெற்றி வேர்த்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. குளியலறை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. எல்லாச் சஹன்களையும் தாண்டிப் போக வேண்டும். உம்மாவையும்.

இப்போது எழுந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னொரு கவளம் என்றால் இங்கேயேதான்.

மாமி தட்டைப் பார்த்தாள். "இப்பத்தான் ரெண்டு பேரும் ஒழுங்கா திங்கிறீங்க" என்றாள்.

முஃபீதாவின் முகத்தில் லேசாக நிறம் வந்திருந்தது. அவள் காத்திருந்தாள்.

லாத்தா எழவில்லை.

இன்னும் நகர்ந்து கூடத்தின் நடுவைப் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழாவதை உருட்டினாள்.