நுரையில் தேனீ

வயிற்றைக் கத்தி விட்டுக் கிளறுவதுபோல வலித்தது. மனைவி ஸல்ஹா கொடுத்த சீரகத் தண்ணீர் தங்கவில்லை. லஸ்ஹர் சட்டியில் குனிந்து வாந்தியெடுத்தான். வந்தது பேரீச்சமரத்துக் கள், அப்போதுதான் இறக்கியதுபோல நுரையோடு.

ரமலானுக்கு முந்தைய நாற்பது நாளும் கள்ளைத் தொடக்கூடாதென்பது தோஸர் ஊர்க் குடிகாரர்களின் ஒழுங்கு. ஸல்ஹா மூன்று நாளாக அவனை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள்.

"எங்கய்யா குடிச்ச? சுவரா ஊத்திக் குடுத்துச்சு? நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"அல்லா சத்தியமா தொடலடி. சாவி உன் கழுத்துலதானே கிடக்கு?"

நுரையில் ஒரு தேனீ உயிரோடு சிறகை உதறியது. ஸல்ஹா மெல்லக் கேட்டாள்.

"மிஸ்பாஹ் மரத்துலேர்ந்து விழுந்து செத்து எத்தனை நாளாச்சு?"

"நாப்பது."

அன்றைக்குக் கள் இறக்க மரம் ஏற வேண்டிய முறை லஸ்ஹருடையது. வயிற்று வலியென்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டான். கூட்டாளி மிஸ்பாஹ் அவனுக்காக ஏறினான். மிஸ்பாஹுக்கு லஸ்ஹர் ஒரு மரம் ஏற வேண்டியது இன்னும் பாக்கி.