ஊசி உடைந்த இசைத்தட்டு

மாமனாரின் ரெக்கார்டு பிளேயரைத் துடைக்கப்போய் ஊசியை உடைத்துவிட்டாள் மருமகள். அதை வேறு யாரும் தொடவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள், நண்பரோடு வந்து நின்றார் மனிதர்.

“போன்ல கேக்கறதெல்லாம் பாட்டாடா? இசைத்தட்டுல கேளு. பாடகி பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்!”

“அதையும்தான் பாத்துடுவோமே!” என்று சீண்டினார் நண்பர்.

மருமகள் மெல்ல நகர்ந்து போனாள். “அத்தை, ஊசியை உடைச்சிட்டேன்” என்று மாமியாரின் காதைக் கடித்தாள். அவரோ போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

மாமனார் கண்ணாடிகூடப் போடாமல் ஊசியை இறக்கினார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பாட்டு, லேசான கரகரப்போடு, கணீரென்று வந்தது!

“கேட்டியா? இந்த இனிமை போன்ல வருமா?”

“சத்தியமா வராதுடா. ஒத்துக்கறேன்!”

திருதிருவென விழித்த மருமகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார் மாமியார்.

“நீ உடைச்சது, போன வருஷம் நான் உடைச்சு ஒட்டி வச்ச ஊசிம்மா. அன்னையிலேருந்து புளூடூத்ல அந்த ஸ்பீக்கர்ல பாடுறது என் போன்தான். முதல்ல உன் புருஷன்கிட்ட சொல்லு, பாட்டு நடுவுல எனக்குப் போன் பண்ணிடப் போறான்!”