வரப்போரக் களை

பிரகதாம்பாளின் ஈறு மறுபடியும் வீங்கிவிட்டது.

பல்லுக்குக் கம்பி போட்டு நாலு மாதம். போகிற தடவையெல்லாம் இதே கதை. கும்பகோணத்துப் பல் டாக்டர் அம்மாள் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"கம்பிக்கும் ஈறுக்கும் நடுவுல சோறு அப்படியே நிக்குது. தொட்டா ரத்தம் வருது. அடுத்த மாசமும் இப்படியே வந்தீங்கன்னா கம்பியைக் கழட்டிடுவேன்மா. பல்லு நேராகுறதவிட ஈறு முக்கியம்."

தினம் காலையும் ராத்திரியும் தேய்க்கிறேன் என்று பிரகதாம்பாள் சத்தியம் செய்யாத குறை. டாக்டர், பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் கம்பிக்கு அடியில் விட்டு எடுக்கச் சொன்னார்.

கூடப் போன அண்ணன் அண்ணாதுரைக்கு ஆத்திரம். தங்கச்சி மேல் இல்லை. நாற்பத்தைந்து வயதில் பல்லுக்குக் கம்பியா என்று ஊர் கேட்கத்தான் செய்தது. எடுப்பான முன்பல்லை முந்தானையால் மூடிக்கொண்டே காலமெல்லாம் சிரித்தவள் அவள். சிங்கப்பூரில் இருக்கிற மகன் ராம்கி பிடிவாதம் பிடித்து ஏற்பாடு செய்தான்.

"வாயை மூடாம ஒரு தடவை சிரிச்சிட்டாப் போதும்ண்ணே" என்று அவள் சொன்னதை அண்ணாதுரை மறக்கவில்லை.

ஆத்திரம் மாப்பிள்ளை மேல். ஒரு தடவையாவது கூட வந்தாரா மனுஷன்? கேட்டால் வயலில் ஆள் நிற்கிறது என்பார். முதல் நாள் டாக்டர் அவளுடைய வீட்டுக்காரர் பேரைக் கேட்டபோது, பிரகதாம்பாள் வழக்கம்போல அண்ணன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணாதுரைதான் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை கொல்லையில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வாயைக் காட்டு" என்று மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பெண்டாட்டியின் தாடையைப் பிடித்து வெயிலில் திருப்பினார்.

"நடுவயல்தான் சுத்தமா இருக்கு. வரப்போரம் பூரா களை."

களையெடுப்புக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பிரகதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அண்ணாதுரை காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

ஆவணியில் தாராசுரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் வருகிற நேரம். மாப்பிள்ளை வந்து பிரகதாம்பாளுக்குப் பின்னால் நின்றார்.

"போதும், எந்திரி."

எழுந்தாள். இலையை மூடக்கூட விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பந்தியே பார்த்தது.

"ஒரு வாய் பாயசம் குடிக்க விடுறாரா பாருங்க. அண்ணன்னு நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்றாள் அண்ணாதுரையின் மனைவி பொன்னுத்தாய்.

அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம். கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் பிரகதாம்பாள் வாயை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் மேல் குனிந்திருந்தார். ஒரு கையில், வயலுக்குத் தண்ணீர் பார்க்க எடுத்துப் போகும் டார்ச். இன்னொரு கையில் அந்தக் குட்டி பிரஷ்.

"ஆட்டாத. கடைசிப் பல்லுகிட்ட கருவேப்பிலை. ம்... கொப்புளி."

அண்ணாதுரை நின்றுவிட்டார். "என்ன மாப்ள இது?"

"மெதுவாப் பேசுங்க மச்சான். பந்தி எந்திரிச்சா இங்க கூட்டம் வந்துடும். இவளுக்குக் கிட்டக்க இருக்குறது எதுவும் தெரியலைங்க. சோத்துல கல்லு வந்தப்பவே எனக்குச் சந்தேகம். குத்துமதிப்பாத் தேச்சிக்கிட்டிருக்கா. ஈறோரம் அப்படியே கிடக்கு."

மூக்குக்கண்ணாடி போட்டால் போச்சு, இதில் என்ன ரகசியம் என்றார் அண்ணாதுரை.

பிரகதாம்பாள் கொப்புளித்துத் துப்பினாள். "வாயில கம்பி போட்டதுக்கே ஊரு சிரிக்குது. கண்ணாடியும் போட்டா கேக்கணுமாண்ணே?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்று புருஷனைக் கெஞ்சியிருக்கிறாள். கொல்லையில் வாயைப் பார்த்த அன்றிலிருந்து மூன்று வேளையும் அவர் கைதான். மத்தியானம் வயலை விட்டு இதற்கென்றே வந்துபோகிறார்.

"அதுக்காக இத்தனை பேர் முன்னால இழுத்துக்கிட்டு வரணுமா மாப்ள? அத்தனை பேரும் உங்களைத்தான் ஏசுறாங்க."

"முரட்டுப் பயன்னு எனக்கு ஏற்கெனவே பேரு இருக்கு. புதுசா என்ன கெட்டுப்போகுது? நீங்க போயி இவளுக்கு ஒரு டம்ளர் பாயசம் வாங்கிட்டு வாங்க. முந்திரி வேணாம், கம்பியில மாட்டும்."

அண்ணாதுரை போய் வாங்கி வந்தார். பொன்னுத்தாய் ஜாடையில் என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் பார்க்காததுபோல் வந்துவிட்டார்.

மாசக் கடைசியில் மறுபடி கும்பகோணம். மாப்பிள்ளை வரவில்லை. குறுவை அறுப்புக்கு மிஷின் வந்திருந்தது. அண்ணாதுரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் அம்மாள் மேலும் கீழும் பார்த்தார். குத்திப் பார்த்தார். ரத்தம் வரவில்லை.

"கம்பி இருக்கட்டும்மா. ஈறெல்லாம் நல்லா இறுகிடுச்சு. இது நீங்களா தேச்சது இல்ல. வேற டாக்டர்கிட்ட போனீங்களா? பரவாயில்ல, பேரைச் சொல்லுங்க."

பிரகதாம்பாள் சிரித்தாள். முந்தானை வாய்க்குப் போகவில்லை. அண்ணன் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"வீரையன்" என்றாள்.